‘ஒரு வெப்சைட் பண்ண எவ்வளவு ஆகும்?’: ஒரே தொகைக்குள் கலந்து கிடக்கும் மூன்று கணக்குகள்

தனியாளாக இணையதளம் செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் கரூரில் திரைச்சீலையும் மேசை விரிப்பும் ஏற்றுமதி செய்பவராக இருக்கலாம். அதே ஊரில் பல் மருத்துவமனை நடத்துபவராகவும் இருக்கலாம். நாலு பேரிடம் விசாரித்தால் ஐந்தாயிரத்தில் தொடங்கி இரண்டு லட்சம் வரை பதில் வரும். ஐந்தாயிரம் சொன்னவர் ஏமாற்றுகிறார், இரண்டு லட்சம் சொன்னவர் பேராசைக்காரர் என்று முடிவு கட்டுவதில் பயனில்லை. இருவரும் வேறு வேறு வேலைக்கு விலை சொல்கிறார்கள். ஆனால் இரண்டு கொட்டேஷனிலும் எழுதியிருப்பது ‘வெப்சைட் டிசைனிங்’ என்ற ஒரே வரிதான்.

சின்ன வெப் தொழில்கள் திணறக் காரணம் விலை குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான் என்றாலும் அதற்கும் முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று வரையறுக்காத வேலைக்கு ஒரே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு தொகைக்குள் மூன்று வகைப் பணம் இருக்கிறது. ஒன்று, தளத்தை உருவாக்கும் கூலி. அது ஒருமுறை வாங்குவது. இரண்டாவது, டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வருக்கான வாடகை), கட்டண பிளக்-இன் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) உரிமங்கள். அந்தப் பணம் நம் கை வழியாக வேறு யாருக்கோ போகிறது. மூன்றாவது, தளம் உயிரோடு இருக்கும்வரை செய்யவேண்டிய பராமரிப்பு. இந்த மூன்றையும் தனித்தனியே எழுதிக் காட்டினாலே விலைப் பேச்சில் வரும் சண்டைகளில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

நம்முடையதல்லாத பணம்

இரண்டாவது வகையிலிருந்து தொடங்கலாம். அதிகம் குழப்புவது அதுதான்.

டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், விற்பனையாளர்களிடம் வாங்கும் மொத்த விலையை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்த்தியது. அப்படியிருக்க, முதல் ஆண்டுக்கு 99 ரூபாய், 199 ரூபாய் என்று விளம்பரம் வருகிறதே, எப்படி? முதல் ஆண்டில் நஷ்டப்பட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளின் ரெனிவலில் ஈடுகட்டும் வியாபாரம் அது. ஹோஸ்டிங்கிலும் இதே கதைதான். மூன்று நான்கு ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் நூற்றுச் சொச்சம் என்பார்கள். அந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போது கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்காக எகிறும். நாம் முதல் ஆண்டுத் தொகையை மட்டும் சொல்லிவிட்டால், இரண்டாம் ஆண்டு உயர்வை நாம் ஏற்றியதாகவே வாடிக்கையாளர் நினைப்பார். அதனால் கொட்டேஷனிலேயே ‘முதல் ஆண்டு இவ்வளவு, ரெனிவலில் ஏறக்குறைய இவ்வளவு’ என்று இரண்டு தொகையும் இருக்கவேண்டும்.

டொமைன் யார் பெயரில் இருக்கவேண்டும்? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கார்டில். நம் கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகமாட்டார் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நேர்மையான பிடிமானம் இல்லை. நாம் ஒரு மாதம் மருத்துவமனையில் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசிக்கவேண்டும். டாட் காம் பெயர் காலாவதியானால் விற்பனையாளரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சலுகைக் காலம் கிடைக்கும். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். அதற்குள் மீட்க வழக்கமான ரெனிவலைப் போலப் பல மடங்கு கட்டணம். அதுவும் போனால் 5 நாள் கழித்துப் பெயர் யாருக்கு வேண்டுமானாலும் போகும். ஒரு ஏற்றுமதியாளரின் மின்னஞ்சல் முகவரி முழுவதும் அந்தப் பெயரில்தான் இயங்குகிறது என்றால், போவது இணையதளம் மட்டும் இல்லை.

பணம் நம் வங்கிக் கணக்கு வழியாகப் போகாமல் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வாடிக்கையாளர்களின் ஹோஸ்டிங் பணத்தை வாங்கி, நம் பில்லில் சேர்த்து, நாம் கட்டினால் அதுவும் பொதுவாக நம் வரவாகவே எண்ணப்படும். வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் அனுமானக் கணக்கு முறையில் வரி கட்டுபவர்களுக்கும் இதே பாதிப்பு: கையில் ஒரு ரூபாய்கூட நிற்காத பணத்தில் பாதி நம் வருமானமாகிவிடும்.

தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டிப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு பத்தாண்டுகளாக அதை இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒரு சொடுக்கில் பொருத்திவிடுகின்றன. சாதாரணத் தளத்துக்கு அதை ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் என்று தனி வரியாகப் போடுவது சரியில்லை. அது சரியாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று கவனிக்கும் வேலைக்குக் காசு வாங்கலாம், வாங்கவும் வேண்டும். அது பராமரிப்புக் கணக்கில் வரட்டும்.

அடிமட்ட விலை

உருவாக்கும் கூலிக்கு வருவோம். சந்தையில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன், இதற்குக் கீழே போனால் நமக்கு நஷ்டம் என்ற எண் தெரியவேண்டும். கணக்கு கடினமில்லை, ஆனால் உட்கார்ந்து போடுபவர்கள் குறைவு.

ஒரு எடுத்துக்காட்டு. கோவையிலோ கரூரிலோ வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவருக்குக் குடும்பச் செலவு மாதம் 45,000 என்று வைப்போம். தொழில் செலவு தனி. இணைய இணைப்பு 1,000, மின்சாரமும் யுபிஎஸ் பராமரிப்பும் 1,500, எழுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பை நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் சுமார் 1,500, மென்பொருள் சந்தாக்கள் 3,000, ஆடிட்டருக்கு 1,000, வாடிக்கையாளரைப் போய்ப் பார்க்கும் போக்குவரத்து 2,500, மருத்துவக் காப்பீடு 1,500. மொத்தம் 12,000. வரி, சேமிப்பு, வேலை வராத மாதத்துக்கான ஒதுக்கீடு என்று 13,000. ஆக மாதம் 70,000, ஆண்டுக்கு 8,40,000.

இப்போது நாட்கள். 365-இல் 52 ஞாயிறு போகட்டும். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, கல்யாணம், காய்ச்சல் என்று இன்னொரு 28 நாள். மிச்சம் 285. இதில் ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் என்று பெருக்கினால்தான் கணக்கு கெட்டுப்போகும். போன் பேசுவது, கொட்டேஷன் தயாரிப்பது, வராத பணத்தைக் கேட்பது, புதிதாக ஒன்றைக் கற்பது எல்லாம் வேலைதான், ஆனால் அவற்றுக்கு யாரும் பில் கட்டுவதில்லை. நாளுக்கு நான்கு மணி நேரம் காசாகும் என்பதே நிதானமான கணக்கு. 285 நாளுக்கு 1,140 மணி. 8,40,000-ஐ 1,140-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 740 ரூபாய்.

இந்த எண் தெரிந்தபின் ‘9,999 ரூபாயில் முழு வெப்சைட்’ என்ற விளம்பரத்தைப் பாருங்கள். இவரைப் பொறுத்தவரை அது பதிமூன்றரை மணி நேர வேலை. முதல் சந்திப்பு, வடிவமைப்பு, திருத்தம், மொபைலில் சோதனை, ஏற்றுவது எல்லாம் அதற்குள் முடியவேண்டும். தயாராக வைத்திருக்கும் ஒரு தீமில் (அச்சு வடிவமைப்பில்) பெயரையும் படத்தையும் மாற்றிக் கொடுப்பதானால் முடியும், அப்படிச் செய்வதில் தப்பும் இல்லை. அதே விலையில் ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாக வடிவமைக்க ஒப்புக்கொள்வதுதான் ஆளை மூழ்கடிக்கிறது.

740 என்ற எண் நமக்கு மட்டும். வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கில் விலை பேசுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சிறு நிறுவன முதலாளிக்கு மணிக்கணக்கு என்பது தெரியாத ஊரில் மீட்டர் போட்டு ஓடும் ஆட்டோவில் உட்கார்ந்த மாதிரி. எங்கே போய் நிற்கும் என்ற பதற்றத்திலேயே இருப்பார். நமக்கும் அது பாதகம். அனுபவம் கூடக்கூட வேலை சீக்கிரம் முடிகிறது, மணிக்கணக்கில் வாங்கினால் கைத்திறன் கூடும்போது வருமானம் குறையும். என்ன பிரச்சினை என்றே தெரியாத வேலைகளுக்கு மட்டும் மணிக்கணக்கு பொருந்தும். வேறு யாரோ செய்து பாதியில் விட்ட தளத்தைச் சரிபார்ப்பது, ஹேக் ஆன தளத்தைச் சுத்தம் செய்வது போன்றவை அந்த வகை.

பொட்டலம் கட்டுவது

சேவையை முன்கூட்டியே வரையறுத்து, பேர் வைத்து, விலை ஒட்டி விற்கும் வழக்கத்தை ஃப்ரீலான்ஸ் உலகில் பரவலாக்கியதில் ஃபைவர் தளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இஸ்ரேலில் 2010-இல் தொடங்கியபோது எந்தச் சேவையானாலும் ஐந்து டாலர் என்பதே அதன் அடையாளம். ஐந்து டாலருக்கு எது அடங்கும், எது அடங்காது என்று விற்பவரே எழுதவேண்டிய கட்டாயம் அப்போது வந்தது. பிறகு பேசிக், ஸ்டாண்டர்ட், பிரீமியம் என மூன்று படியாக அது வளர்ந்தது. விற்பவரின் வருமானத்தில் 20 விழுக்காட்டை அந்தத் தளம் எடுத்துக்கொள்கிறது என்பதையும் விலை வைக்கும்போது மறக்கக்கூடாது.

மூன்று படி வைப்பதற்கு உளவியல் காரணமும் இருக்கிறது. இட்டமார் சைமன்சன் என்ற ஆய்வாளர் 1989-இல் எழுதிய கட்டுரையில், இரண்டு ஓரத்துக்கும் இடைப்பட்டதாகத் தெரியும் பொருளை மக்கள் கூடுதலாகத் தேர்ந்தெடுப்பதைக் காட்டினார். ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்று தனக்கும் பிறருக்கும் நியாயம் சொல்ல நடுவில் உள்ளது எளிது. இதைத் தந்திரமாகப் பயன்படுத்தி, யாரும் வாங்கமுடியாத ஒரு பிரீமியத்தை மேலே வைப்பவர்கள் உண்டு. அது வேண்டியதில்லை. மூன்று படிகளும் மூன்று உண்மையான தேவைகளைக் காட்டினால் போதும்.

கரூர் ஏற்றுமதியாளரையே எடுத்துக்கொள்வோம். வீட்டு உபயோகத் துணி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி முக்கியமானது. அங்கே அரங்கில் பார்த்துவிட்டுப் போகும் பையர், அன்று இரவே நிறுவனத்தின் தளத்தைத் தேடுவார். என்ன துணி வகைகள், தறி எத்தனை, சான்றிதழ் என்ன இருக்கிறது, யாரைத் தொடர்புகொள்வது என்று பார்ப்பார். இவருக்கான சிறு பொட்டலம்: ஐந்து பக்கம், தொடர்புப் படிவம், தயாராக உள்ள வடிவமைப்பு, 28,000. நடுப் பொட்டலம்: எட்டுப் பக்கம், அறுபது பொருள்கள் வரை தயாரிப்புப் பட்டியல், சான்றிதழ்ப் பக்கம், டிசம்பர் 15-க்குள் முடிப்பதாக உறுதி, 48,000. பெரியது: இத்தனையுடன் படப்பிடிப்பு ஏற்பாடு, ஆங்கில உள்ளடக்கம் எழுதுவது, ஜெர்மன் மொழிப் பக்கங்கள், 85,000. மொழிபெயர்ப்பாளருக்கும் புகைப்படக்காரருக்கும் போவது இதில் தனியாகக் காட்டப்படும். இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள். நடுப் பொட்டலம் 55 மணி நேர வேலை என்றால் அடிமட்டக் கணக்கில் 40,700 வருகிறது. மேலே இருக்கும் ஏழாயிரத்துச் சொச்சம், எதிர்பாராத தடங்கலுக்கான தாங்குதொகை.

பல் மருத்துவருக்கும் இதே எட்டுப் பக்கத்தைக் காட்டினால் அவர் ஏன் 48,000 கொடுக்கவேண்டும்? அவருடைய நோயாளிகள் கூகுள் மேப்பில் தேடி, நேரம் பார்த்து, போன் பண்ணுபவர்கள். அவருக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலை ஒழுங்காக அமைத்து, மொபைலில் வேகமாகத் திறக்கும் இரண்டு மூன்று பக்கத் தளமும், வாட்ஸ்அப்பில் முன்பதிவு செய்யும் வசதியும் கொடுத்தால் போதும். பக்க எண்ணிக்கையை வைத்து விலை சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு மணி நேரத்தில் ஐந்து பக்கத்தை வரைந்து தள்ளுகின்றன. பக்கத்துக்கு இவ்வளவு என்று விற்பவர்களின் பிழைப்பு இனி இன்னும் கடினமாகும். யாருக்காக, எந்தத் தேதிக்குள், என்ன நடக்கவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பொட்டலம் கட்டுபவருக்கு அந்தக் கருவிகள் உதவியாகவே இருக்கும்.

ஓரங்கள்

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்ன இல்லை என்பதை எழுதத் தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது, வந்த வாடிக்கையாளர் முகம் சுளித்துவிடுவாரோ என்ற பயம். ஆனால் ‘சின்ன சேஞ்ச்தானே’ என்ற வாக்கியம் வேலை தொடங்கியபின்தான் வரும். அப்போது எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் நட்பைப் பணயம் வைத்துப் பேசவேண்டும்.

இரண்டு சுற்றுத் திருத்தம் என்று எழுதுங்கள், ஒரு சுற்று என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள்: எல்லா மாற்றங்களையும் ஒரே மின்னஞ்சலில் தொகுத்து அனுப்புவது ஒரு சுற்று. திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு, புதன்கிழமை இன்னொன்று, சனிக்கிழமை மைத்துனர் சொன்னதாக மூன்றாவது என்று வந்தால் அது சுற்று ஆகாது. யார் ஒருவர் சம்மதித்தால் முடிந்ததாகக் கொள்வது என்று பெயர் குறிப்பிட்டுக்கொள்வது, கூட்டுத் தொழில் குடும்பங்களில் மிகவும் தேவை. அண்ணன் ஒப்புக்கொண்ட நிறத்தைத் தம்பி மாற்றச் சொல்வது சாதாரணமாக நடக்கும்.

தளங்கள் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் நிரல் இல்லை, உள்ளடக்கம். பொருள்களின் படம் வராது, ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு நாலு வரி வராது. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும், கடைசித் தவணையும் அதோடு தொங்கும். அதனால் உள்ளடக்கம் எழுதுவதைப் பொட்டலத்தின் ஒரு பகுதியாகவே விலை போட்டு வைப்பது நல்லது. வேண்டாம் என்பவர்களுக்கு, கேட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் தரவில்லையென்றால் மாதிரி உரையுடன் தளம் முடிந்ததாகக் கருதப்படும், தொகை செலுத்தவேண்டும் என்ற வரி கொட்டேஷனில் இருக்கட்டும்.

அப்புறம் பேரம். "பக்கத்து யூனிட்காரருக்கு முப்பதுக்குப் பண்ணிக் கொடுத்திருக்காங்க தம்பி, நீங்களும் கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்பார் முதலாளி. உடனே விலையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். "சரிங்கண்ணா, முப்பத்தெட்டுக்குப் பண்ணலாங்க. அறுபது ஐட்டத்தையும் உங்க ஆபீஸ் புள்ளைங்களே ஏத்திக்கட்டும், எப்படின்னு நான் ஒரு நாள் வந்து சொல்லிக் குடுத்தர்றேன்" என்று சொல்லலாம். விலை இறங்கினால் வேலையும் இறங்கவேண்டும். பெரும்பாலும் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்களே ஏற்றிவிடுங்கள், நாற்பத்தெட்டே இருக்கட்டும் என்பார். ஏற்றுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்பது அவருக்குப் புரிந்துவிடுகிறது.

பணம் கைக்கு வருவது

பாதி முன்பணம், வடிவமைப்பு ஒப்புதலில் 30 விழுக்காடு, சொந்த டொமைனில் ஏற்றுவதற்கு முன் மிச்ச 20 என்பது நடைமுறைக்கு ஏற்ற பிரிப்பு. கடைசித் தவணை சிறியதாக இருப்பது முக்கியம்; அது சிக்கிக்கொண்டாலும் மாதம் ஓடவேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மின்னஞ்சலில் கொட்டேஷன் அனுப்பி, ‘ஓகே, தொடங்குங்கள்’ என்று பதில் வந்தால் அது செல்லுபடியாகும் ஒப்பந்தமாக இருக்கமுடியும். மின்னணு வடிவில் இருப்பதாலேயே ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்வது இலவசம். பதிவு செய்தவருக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் வாங்குபவர் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. இதைவிட வேகமாக வேலை செய்வது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம்: இந்தக் கெடுவுக்குள் பணம் தரவில்லையென்றால், உண்மையில் தரும் ஆண்டில்தான் வாங்குபவர் அதைச் செலவாகக் காட்டமுடியும். மார்ச் மாதத்தில் ஆடிட்டர்களே தங்கள் கட்சிக்காரர்களிடம் பாக்கியைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போடுவதற்கு ஒரு வரி போதும்.

பதிப்புரிமையிலும் (காப்பிரைட்) ஒரு வரி தேவை. சம்பளத்துக்கு இருப்பவர் எழுதும் நிரல் முதலாளிக்குச் சொந்தம். தனியாளாக எழுதிக் கொடுப்பவரின் நிரலுக்கு, 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தால்தான் அது வாடிக்கையாளருக்குப் போகும். எவ்வளவு காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எங்கே என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உலகம் முழுவதும் வியாபாரம் செய்யும் ஏற்றுமதியாளருக்கு இது போதாது. முழுத் தொகையும் வந்தபின் உரிமை நிரந்தரமாக, எல்லா நாடுகளுக்கும் மாறும் என்று எழுதிக் கொடுங்கள். அவருக்கும் பாதுகாப்பு, நமக்கும் கடைசித் தவணைக்கு ஒரு பிடி.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால், சொல்லும் விலையில் வரி அடக்கமா இல்லையா என்பது முதல் பேச்சிலேயே தெளிவாகட்டும். 50,000 என்று வாய்வழியாகச் சொல்லி, அவர் அதை வரி உட்பட என்று எடுத்துக்கொண்டால் நம் கைக்கு வருவது 42,373 மட்டும். இந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே சுமை இல்லை என்பதும் கவனிக்கவேண்டியது. வரி தனி என்று பேசினால், ஏற்றுமதியாளர் 50,000-க்கு மேல் கட்டும் 9,000 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார், அவருக்குச் செலவு 50,000-தான். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் பல் மருத்துவர் அப்படி எடுக்கமுடியாது, அவருக்கு முழு 59,000-மும் செலவு. ஒரே விலைப்பட்டியல் இருவருக்கும் ஏன் வேறு மாதிரித் தோன்றுகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

ஏஎம்சி

மூன்றாவது பணமான ஏஎம்சியை, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றித்தான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன். தனியாள் வெப் தொழிலை நிலைக்க வைப்பது இதுதான், பலரும் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள்.

உலகத் தளங்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல், தளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகின்றன. அதனாலேயே தானியங்கித் தாக்குதல்களுக்கும் அது பெரிய இலக்கு. ஓட்டைகள் பெரும்பாலும் மூல மென்பொருளில் இருப்பதில்லை, பிளக்-இன்களில் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்காமல் விட்டால் ஒரு நாள் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வரும். இன்னொரு பக்கம், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பி.எச்.பி. நிரல்மொழியின் பதிப்புகள் காலாவதியாகின்றன: 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரில் நின்றது, 8.1-க்கு 2025 டிசம்பரோடு முடிந்தது. ஹோஸ்டிங் நிறுவனம் பழைய பதிப்பை எடுத்துவிட்டால், நேற்றுவரை ஓடிய தளம் இன்று வெள்ளைத் திரையாக நிற்கும். வாடிக்கையாளர் யாரைக் கூப்பிடுவார்? மூன்று ஆண்டுக்கு முன் செய்து கொடுத்தவரைத்தான். அவர் காசு கேட்டால் இவருக்குக் கோபம், கேட்காவிட்டால் அவருக்கு நஷ்டம்.

நம் ஊரில் இதற்கு ஒரு சாதகம் உண்டு. ஏசி, ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம், டேலி மென்பொருள் என்று எல்லாவற்றுக்கும் ஏஎம்சி கட்டிப் பழகியவர்கள் நம் சிறு தொழில் முதலாளிகள். மாதச் சந்தா என்றால் யோசிப்பவர்கள்கூட, ஆண்டுக்கு ஒருமுறை ஏஎம்சி என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். தளத்தை ஒப்படைக்கும் நாளில் அல்ல, முதல் கொட்டேஷனிலேயே அது மூன்றாவது தலைப்பாக இருக்கவேண்டும்.

என்ன அடங்கும்? மாதம் ஒருமுறை புதுப்பிப்பு, வாரம் ஒருமுறை வேறொரு இடத்தில் பேக்கப், தளம் நின்றால் தெரியப்படுத்தும் கண்காணிப்பு, டொமைன் ரெனிவல் நினைவூட்டல், மாதம் அரை மணி நேரம் சிறு மாற்றங்கள். பேக்கப்பிலிருந்து உண்மையிலேயே தளத்தை மீட்டுப் பார்த்த சோதனையையும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையாவது சேர்க்கவேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாது. அரை மணி நேரம் அந்தந்த மாதத்துக்கு மட்டும், அடுத்த மாதத்துக்குச் சேராது என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் தீபாவளி சமயத்தில் ஆறு மணி நேரம் பாக்கி இருக்கிறது என்று வருவார்கள்.

ஒரு தளத்துக்கு மாதம் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றால் அடிமட்டக் கணக்கில் 1,110 ரூபாய். மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000 என்று வைக்கலாம். இப்படி இருபது வாடிக்கையாளர்கள் இருந்தால் மாதம் 30,000. முன்பு பார்த்த 70,000 இலக்கில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல், மாதத்தின் 95 மணி நேரத்தில் 30 மணி நேரத்தை மட்டும் செலவிட்டு வந்துவிடுகிறது. அதன் பிறகு புது வேலைக்கு விலை பேச உட்காரும்போது குரலே மாறிவிடும். இந்த மாதம் வாடகைக்கு என்ன செய்வது என்ற பயத்தில் 48,000 வேலையை 25,000-க்கு ஒப்புக்கொள்ளவேண்டிய நிலை இருக்காது.

ஏஎம்சி வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள், அது அவர்கள் உரிமை. அவர்களுக்கு எல்லாக் கடவுச்சொற்களையும், பேக்கப் கோப்பையும், எதை எப்போது புதுப்பிக்கவேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளவேண்டும். பிறகு கூப்பிட்டால் குறைந்தபட்சக் கட்டணம் இவ்வளவு என்று அதே மின்னஞ்சலில் இருக்கட்டும்.

விலையை உயர்த்தும்போதும் இந்த மூன்று கணக்கும் தனித்தனியாக இருப்பது உதவும். உருவாக்கும் கூலியை அடுத்து வரும் புது வாடிக்கையாளரிடமே உயர்த்திவிடலாம், யாரிடமும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. டொமைன், ஹோஸ்டிங் உயர்வுக்கு அந்த நிறுவனத்தின் பில்லே சாட்சி. ஏஎம்சியை மட்டும் பழைய வாடிக்கையாளரிடம் உயர்த்தவேண்டியிருக்கும். ரெனிவலுக்கு இரண்டு மாதம் முன்பே, கடந்த ஆண்டில் அவர் தளத்துக்குச் செய்த வேலைகளைத் தேதியோடு ஒரு பக்கத்தில் தொகுத்து, அதன் கீழே புதுத் தொகையை எழுதி அனுப்பினால் பெரும்பாலானோர் மறுபேச்சின்றிக் கட்டிவிடுகிறார்கள்.